இரண்டு டம்ளர் ஏலக்காய்

எங்கள் கடைக்கு நான் எழுதிய முதல் நோட்டீஸை ஆயிரம் பிரதி அடித்தோம். அதில் பாதிக்கு மேல் அத்தை பற்று வரவு எழுதியே தீர்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது ஒன்றுதான் அந்த நோட்டீஸால் கிடைத்த லாபம். முன்பக்கத்தில் இருந்ததைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. "மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், பனி தவழும் தோட்டங்களில் விளைந்த, இயற்கையின் அருட்கொடையாம் ஏலக்காய். தரமே எங்கள் தாரக மந்திரம்!" எழுதி முடித்த அன்று நானே அதை நாலு தடவை வாசித்துப் பூரித்துப்போனேன்.

கடை குமுளியில், தேக்கடி போகிற சாலையில். எனக்குப் பிறந்த ஊர் கீழே கம்பம். கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் புகுந்த வீடு. தமிழ்நாட்டு பஸ் வந்து நிற்கும் இடத்துக்கும் கேரளா பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான். அந்தச் சாலையில் ஏலக்காய் விற்காத கடை எது என்று வேண்டுமானால் தேடிப் பார்க்கலாம். எல்லாக் கடை வாசலிலும் அதே பச்சைக் காய், அதே கண்ணாடி ஜாடி, அதே "தரமான".

2018 ஆகஸ்டில் கேரளாவில் வெள்ளம், அடுத்த கோடையில் வறட்சி. காய் வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. வாசலில் வந்து விலை கேட்டவர்கள் பாம்பைக் கண்டது போல ஓரடி பின்னால் போனார்கள். அந்த நேரத்தில்தான் மாமா, "நீ பி.ஏ. தமிழ் படிச்ச பிள்ளை, ஏதாச்சும் எழுதிக் குடும்மா" என்றார். அந்தப் படிப்பு என்னைக் காப்பாற்றவில்லை. இன்னும் கொஞ்சம் கெடுத்தது என்றுகூடச் சொல்வேன். அருட்கொடையாம் என்பதில் வருகிற அந்த "ஆம்" எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

2020 முடக்கத்தில் எல்லையை அடைத்துவிட்டார்கள். கடைக்கு வேலை இல்லை. விளம்பரம் எழுதுவதற்கென்று தனிக் கலை இருக்கிறது, அதற்குக் காப்பிரைட்டிங் என்று பேர் என்பதே அப்போதுதான் தெரியும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "காப்பி போர்டு எழுதுறதுக்கு எல்லாம் கிளாஸா?" என்றார். எங்கள் பக்கம் காப்பி என்றால் குடிக்கிற காப்பிதான். ஏழு மாதம் வீடியோ பார்த்தேன். இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு. கவனத்தை இழு, ஆர்வத்தைத் தூண்டு, ஆசையைக் கிளப்பு, வாங்க வை. எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் எங்கள் கடைக்கென்று ஒரு வரிகூட எழுதவில்லை. படிக்கிற சுகத்தில் எழுதாமலே நாள் போனது. ஏதோ முன்னேறுகிறோம் என்ற நினைப்பு வேறு. அந்த இரண்டு நோட்டும் இன்னும் பரணில் இருக்கின்றன. திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

முதல் பாடம் கிடைத்த இடம் கம்பம் பஸ் ஸ்டாண்ட். அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ் கிளம்பக் காத்திருந்த நேரம். கொய்யாப்பழம் விற்கிற இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எங்கள் பஸ்ஸில் ஏறி "கொய்யா, கொய்யா, கொய்யா" என்று நடுவழியில் போய்விட்டு இறங்கினார். இரண்டு பேர் வாங்கினார்கள். அடுத்து வந்த அம்மா பக்கத்தில் நின்ற தேனி பஸ்ஸில் ஏறி, "வண்டி எடுக்க அஞ்சு நிமிசம் இருக்கு, நாலா வெட்டி உப்பு மிளகாப்பொடி தூவித் தாரேன், தேனி போறவரைக்கும் வச்சுத் திங்கலாம்" என்றார். ஜன்னல் வழியே எண்ணினேன். ஒன்பது பேர். அந்த அம்மா பழத்தின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தயக்கம் இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தார். வெட்டக் கத்தி இல்லை, வண்டி கிளம்பிவிடுமோ, வழியெல்லாம் பொழுது போகாது. மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில். இதை வீடியோக்களில் நான் கேட்டிருந்தேன்தான். பஸ்ஸில் கேட்டபோதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து காது வேறு மாதிரி வேலை செய்தது. கடையில் ஒரு சின்ன நோட்டுப் போட்டேன். வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வியை அவர்கள் வாயில் வந்தபடியே அதில் எழுதிவைப்பது. திருத்தக் கூடாது, நல்ல தமிழாக்கக் கூடாது. "எத்தனை நாளு வாசம் நிக்கும்?" "இது சாயம் போட்ட பச்சையா?" "ரெண்டும் ஒண்ணு மாதிரிதான இருக்கு, ஏன் ரெண்டு வெலை?" "கால் கிலோ வாங்கி நான் என்ன செய்யப் போறேன்?" "பாயசத்துக்கு எத்தனை காய் போடணும்?" இரண்டு மாதத்தில் முந்நூற்றுச் சொச்சம் கேள்வி சேர்ந்தது. அதில் பனி தவழும் தோட்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. விளம்பரம் எழுதப் பழக நினைக்கிறவர் இதை மட்டும் செய்தாலே போதும் என்பது என் எண்ணம். எழுத வேண்டியதில் முக்கால்வாசியை வாடிக்கையாளரே சொல்லிவிட்டுப் போகிறார். நாம்தான் அதைக் காதில் வாங்காமல் லிட்டர் கணக்கில் கற்பனையைக் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது கைப்பழக்கம். நல்ல விளம்பரங்களைக் கையால் நகலெடுத்து எழுதச் சொல்வார்கள். எழுதினேன். பத்து நாளில் கை மட்டும் ஓடியது, மனம் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டது. பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் எழுதப் பழகிய முறை இதைவிட எனக்கு உதவியது. லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரைகளை வாசிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் எழுதிக்கொள்வார். சில நாள் அப்படியே போட்டுவிடுவார். பிறகு குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் தானே திரும்ப எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்துவார்.

நான் எடுத்தது கம்பத்தில் யாரோ கையில் திணித்த இட்லி மாவு நோட்டீஸ். அதில் இருந்தது இவ்வளவுதான்: "சாயங்காலம் 5 மணிக்கு அரைத்தது. நாளைக் காலை 8 மணிக்குள் ஊற்றிவிடுங்கள். அப்புறம் புளிக்கும், நாங்கள் பொறுப்பில்லை." நான் எழுதிக்கொண்ட குறிப்பு: அரைத்த நேரம், பயன்படுத்த வேண்டிய நேரம், எச்சரிக்கை. நாலு நாள் கழித்து என் கையிலிருந்து வந்தது: "தினமும் புத்தம் புதிதாக அரைக்கப்படும் சுவையான மாவு. உடனே பயன்படுத்தி மகிழுங்கள்." இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மணி இருந்த இடத்தில் நான் பெயரடையை வைத்திருக்கிறேன். எச்சரிக்கை இருந்த இடத்தில் மகிழ்ச்சியை வைத்திருக்கிறேன். அந்த மாவுக்காரர் "புளிக்கும்" என்று சொன்னதால்தான் மாவு புதிது என்று நமக்கு நம்பிக்கை வருகிறது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ அவருக்கு. இப்படி வாரத்துக்கு மூன்று நோட்டீஸ் என்று ஓராண்டு செய்தேன். ஒவ்வொரு தடவையும் நான் எதைத் தொலைக்கிறேன் என்று ஓரத்தில் குறித்துவைத்தேன். எண்களைத் தொலைப்பது என் வியாதி. உங்களுக்கு வேறு இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்காமல் அது தெரியாது.

கூடவே இன்னொன்று. காலையில் கடை திறக்கும் முன் ஒரே பொருளுக்கு இருபது வரி எழுதுவது. ஒரு வாரம் முழுக்க அதே பொருள், 50 கிராம் ஏலக்காய்ப் பாக்கெட். முதல் ஏழெட்டு வரி எப்போதும் சாலையில் இருக்கிற எல்லாக் கடையின் வரிகளும்தான்: மணம் மிக்க, மலையிலிருந்து நேரடியாக, குறைந்த விலையில். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே வராது. பேனாவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த இடத்தில் எழுந்து போய்விடாமல் இருப்பதுதான் பயிற்சி. ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது வேறு வழியில்லாமல் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டிக் காயை எண்ணத் தொடங்கினேன். இருநூறை ஒட்டி வந்தது. இன்னொரு பாக்கெட்டை எண்ணினேன். அதுவும் கிட்டத்தட்ட அதே. பதிமூன்றாவது வரி தானாக வந்தது. "இந்தச் சின்னப் பாக்கெட்டில் சுமார் 200 காய். தினம் டீக்கு இரண்டு தட்டிப் போட்டால் மூன்று மாதம் வரும்."

இருபது வருடமாக ஏலக்காய் விற்கிற வீடு. 50 கிராமில் எத்தனை காய் என்று அதுவரை ஒருவரும் எண்ணியதில்லை.

அந்த வரி நல்ல வரியா என்பது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குப் பிடித்த வரி என்பது ஒரு அளவுகோலே அல்ல. "அருட்கொடையாம்" கூட எனக்குப் பிடித்துத்தானே இருந்தது. அப்போது செய்ததுதான் டம்ளர் சோதனை. வாசலில் வைக்கிற கரும்பலகையில் ஒரு பக்கம் "தரமான மலை ஏலக்காய்", மறு பக்கம் "50 கிராமில் 200 காய்". கல்லாப்பெட்டி பக்கத்தில் இரண்டு எவர்சில்வர் டம்ளர். பலகையைப் பார்த்து நின்று கேட்டவர் ஒருவருக்கு ஒரு காய், அந்தந்த டம்ளரில். முதல் முறை சனிக்கிழமை ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை மறு பக்கம் என்று வைத்தேன். அது முட்டாள்தனம். ஞாயிறு மத்தியானம் மழை பெய்தது. டூரிஸ்ட் வேன் ஒன்றும் வரவில்லை. என் வரியா தோற்றது, மழையா ஜெயித்தது? அப்புறம் மணிக்கு ஒருமுறை பலகையைத் திருப்பினேன். நாலு வாரக் கடைசி. பழைய வரிக்கு 31 காய், புதிய வரிக்கு 74. சின்னக் கணக்குதான், இதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத முடியாது. ஆனால் மாமா அதுவரை என் எழுத்தை விளையாட்டு என்று நினைத்திருந்தவர். டம்ளர் இரண்டையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் பலகையை அந்தப் பக்கமாகவே திருப்பிவைத்தார். அத்தை, "எண்ணின காயைத் திரும்ப ஜாடியில போடு, விக்கிற காயி" என்றார்.

அத்தைதான் என் எடிட்டர். எழுதினது எதுவும் அவர் வாயில் நுழைந்தால்தான் வெளியே போகும். அவர் எட்டாவது வரை படித்தவர், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பார். எங்கே தட்டுகிறாரோ அங்கே என் வாக்கியம் நொண்டுகிறது என்று அர்த்தம். ஒரு முறை "உங்கள் இல்லத்தின் விசேஷங்களை மேலும் சிறப்பாக்க" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். "ஏத்தா, இது யாரு பேசுறது? நீயா, மைக் செட்டுக்காரனா?" அதற்குப் பிறகு எழுதியதை நானே வாசிப்பதை விட்டுவிட்டேன். நாம் வாசித்தால் நம் குரல் குறையை மூடிவிடும். வேறு ஒருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு கேட்பது நல்லது. நடுவில் "அதாவது அத்தை, என்ன சொல்ல வர்றேன்னா" என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால், அந்த விளக்கம்தான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் என்பதும் அப்படித்தான் பிடிபட்டது.

விலை ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் வெகுநாள் பதில் கிடைக்கவில்லை. அதற்கு வழி காட்டியது ஒரு பீர்க் கதை. எங்கள் வீட்டில் பீர் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல முடியாது, அதனால் மாமாவிடம் சோடா கம்பெனி என்று மாற்றிச் சொன்னேன். நூறு வருடத்துக்கும் முன்னால் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்று ஒரு விளம்பரக்காரர். ஷ்லிட்ஸ் பீருக்கு எழுத வேண்டும். ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போனார். ஒவ்வொரு பாட்டிலையும் இயந்திரத்தில் நாலு முறை கழுவுகிறார்கள், ஆழமான கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். இதையெல்லாம் ஏன் ஜனங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டார். எல்லா ஆலையிலும் இப்படித்தான் செய்கிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றார்கள். எல்லோரும் செய்வதை யாரும் சொல்லவில்லை. முதலில் சொன்னவருக்கு அது சொந்தமானது.

எங்கள் ஊரிலும் இதே கதைதான். தோட்டத்தில் காய் எல்லாம் ஒன்றாக முற்றாது. ஒரே செடிக்கு மாதம், ஒன்றரை மாதம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போய்க் கையால் எடுக்க வேண்டும். விடிகாலையில் கம்பம், கூடலூரிலிருந்து ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறுவது அதற்குத்தான். எடுத்த காயைக் கழுவி ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் ஏற்றினால் ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் சூடு போட்டு உலர்த்த வேண்டும். பச்சைக் காய் ஐந்து கிலோ போட்டால் உலர்ந்தது ஒரு கிலோ வரும். அப்புறம் உரசிக் காம்பை நீக்கி, சல்லடையில் எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று பிரித்து, சுளகில் போட்டு வாய் பிளந்ததையும் நிறம் மங்கினதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். எங்களுக்கு இது தினசரி சோறு. திண்டுக்கல்லிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

பாக்கெட்டுக்குள் வைக்கிற துண்டுச் சீட்டில் இதை எழுதினேன். முதலில் பதினாறு வரி வந்தது. அத்தை ஏழாவது வரியில் கொட்டாவி விட்டார். குறைத்துக் குறைத்து நின்றது இது:

"செடியில் இருந்தபோது கால் கிலோ. உலர்ந்து உங்கள் கைக்கு வரும்போது 50 கிராம். ஒவ்வொரு காயும் கையால் எடுத்தது, சுளகில் ஒரு முறை பார்த்தது. ஒன்றை உரித்துப் பாருங்கள்: விதை கறுத்து இருந்தால் முற்றிய காய். வெளுத்து இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்."

கடைசி வரியை மாமா எடுக்கச் சொன்னார். நாமே குறையைச் சொல்லிக்கொடுப்பதா என்று. இட்லி மாவு நோட்டீஸைக் காட்டினேன். இரண்டு வருடத்தில் வெளுத்த விதை என்று சொன்னவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மாற்றிக்கொடுத்தோம். ஆனால் அந்தச் சீட்டைப் படித்துவிட்டுக் கடை வாசலிலேயே நின்று காயை உரித்துப் பார்க்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். உரித்துப் பார்த்தவர் வாங்காமல் போவது அபூர்வம்.

தவறு செய்ததையும் சொல்ல வேண்டும். எழுத்துக் கொஞ்சம் கைவந்ததும் தைரியம் கூடிவிட்டது. 2021-இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன்: தினம் ஏலக்காய்த் தண்ணீர் குடித்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்று. எங்கோ படித்தது. அதுவரை நான் எழுதியதில் அதிகம் பரவியது அதுதான், அந்த வாரம் வந்த அளவுக்கு ஆர்டர் முன்பு வந்ததில்லை. பத்தாவது நாள் சின்னமனூரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "ஒரு வாரமா குடிக்கிறேன் தாயி, மாத்திரையை இனி நிறுத்திரலாமா?" என்று கேட்டார். கையில் இருந்த சுளகு கீழே விழுந்தது. நிறுத்தவே கூடாது, டாக்டரைக் கேளுங்கள் என்று மூன்று முறை சொன்னேன், அவர் மகனிடமும் பேசினேன். அப்புறம்தான் விசாரித்தேன். சில நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவும் உண்டு. அந்தச் செய்தியை அழித்தேன், வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகத் தவறு என்று எழுதினேன். அது சட்டத்துக்குப் பயந்து செய்ததல்ல. அந்தத் "தாயி" இன்னும் காதில் இருக்கிறது. எழுத்து வேலை செய்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய அத்தாட்சியும் அந்த போன்தான் என்பது வெட்கமான விஷயம்.

"கடைசி 10 பாக்கெட் மட்டுமே" என்றும் ஒருமுறை எழுதினேன். வழக்கமாக வருகிற டீச்சரம்மா உள்ளே எட்டிப் பார்த்தார், மூட்டை தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் எழுதப் பழகுகிறவர்களுக்கு இரண்டு மூன்று கைப்பாடம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்டில் ஒரு தடவைக்கு 256 பேர்தான் சேர்க்கலாம், அதிலும் நம் எண்ணைத் தன் போனில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். இது தெரியாமல் ஆறு மாதம் காற்றுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது பாக்கெட் சீட்டின் அடியில் "இந்த எண்ணைக் குமுளி ஏலக்காய் என்று சேமித்துவைத்தால் புதுக் காய் வரும்போது சொல்வோம்" என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்து, போனின் மேல்பக்கத்தில் முதல் வரி மட்டும்தான் எட்டிப்பார்க்கும். "வணக்கம், எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கினால் அத்தோடு சரி. ஒரு செய்திக்கு ஒரு சேதி. ஏலக்காயும் மிளகும் தேனும் ஒன்றாகப் போட்டால் எதற்கும் பதில் வராது.

இங்கேயும் இரண்டு டம்ளர்தான். தீபாவளிக்கு முன்னால் பட்டியலை இரண்டாகப் பிரித்தேன், 90 பேர், 90 பேர். ஒரு பாதிக்கு "தீபாவளிக்குப் புதுக் காய் வந்தாச்சு, சிறப்பு விலை". மறு பாதிக்கு "பாயசத்துக்கு எட்டு எம்எம் காய் வாங்க வேண்டாம். பொடி செய்யத்தானே போகிறீர்கள்? சின்னக் காய் போதும், விலையும் குறைவு." முதல் பாதியில் 4 பேர் பதில் எழுதினார்கள். இரண்டாவதில் 17. அதில் ஆறு பேர் எட்டு எம்எம் காயே வேண்டும் என்று கேட்டார்கள் என்பது வேறு கதை. ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். "நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்க, அப்போ நல்லாத்தான் இருக்கும்னு தோணிச்சு" என்றார். மனித மனசை வைத்து நான் இனி கணக்குப் போடுவதாக இல்லை.

எல்லையில் கடை வைத்தால் இன்னொரு வம்பு உண்டு: இரண்டு பாஷை. தமிழில் ஜெயித்த வரியை மலையாளத்தில் மாற்றினால் போதும் என்றுதான் நினைத்தேன். மலையாளம் பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சேமியா பாயசம் செய்முறை ஒன்றைச் சீட்டின் பின்பக்கம் போட்டிருந்தேன். அதை நானே மலையாளத்தில் எழுதினேன்: பால் ஒரு லிட்டர், ஐந்தாறு காய், சர்க்கரை ஒரு கப். இரண்டு வாரம் கழித்து எர்ணாகுளத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற ஒரு பையன் போட்டோ அனுப்பினான். பாத்திரத்தில் பால் திரிந்து கட்டி கட்டியாக நிற்கிறது. "சேச்சி, இது இப்படித்தான் வருமா?" மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நாம் சர்க்கரை என்பதை அவர்கள் பஞ்சசாரை என்பார்கள். இது எனக்குத் தெரியாதா? கடையில் நூறு தடவை பேசியிருக்கிறேன். எழுதும்போது கை தமிழில் ஓடியிருக்கிறது. கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் என்ன ஆகும் என்று பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியும். பையனுக்கு ஒரு பாக்கெட் சும்மா அனுப்பினேன்.

அதற்குப் பிறகு மலையாளத்துக்கு மொழிபெயர்ப்பதே இல்லை. பக்கத்துக் கடைச் சேட்டனைக் கூப்பிட்டு, தமிழ் வரியைக் காட்டாமல், விஷயத்தை மட்டும் சொல்வேன். "இதை உங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்லுவீங்க?" அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வேன். 200 காய் வரியை அவர் கேட்டுவிட்டு, மலையாளிக்கு டீயில் போடுகிற கணக்கு வேண்டாம், பிரியாணிக்கும் பாயசத்துக்கும் எத்தனை என்று சொன்னால்தான் நிற்பான் என்றார். பலகையை வைத்துப் பார்த்தோம். இந்த முறை டம்ளரில் காய் போட்டது அவர்தான், கொஞ்சம் தாராளமாகவே போட்டார் என்று எனக்குச் சந்தேகம்.

இப்போது கார்த்திகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சபரிமலை சீசனில் ஆந்திராச் சாமிமார் நிறைய வருவார்கள். கண்ணாடி ஜாடியைப் பார்ப்பார்கள், விரலால் காட்டிக் கேட்பார்கள், பாஷை புரியாமல் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுக்கு ஒரு பலகை வைக்க வேண்டும். எனக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. வியாழக்கிழமை தோறும் சித்தூர்ப் பக்கமிருந்து மாங்காய் ஊறுகாய் லோடு கொண்டுவரும் டிரைவர் ஒருவர் பக்கத்து ஹோட்டலில் சாப்பிட வருவார். அவரிடம் கேட்பதற்கு நாலு விஷயம் எழுதிவைத்திருக்கிறேன். முதல் கேள்வி, மலைக்குப் போய்விட்டு வீடு திரும்பும்போது அவங்க வீட்டுக்காரம்மாவுக்கு என்ன வாங்கிப் போவார் என்பது. டம்ளர் இரண்டையும் அத்தை கழுவிக் கவிழ்த்துவைத்திருக்கிறார்.